பட்ஜெட்டில் 21,906 கோடி, கவுண்டரில் ‘ஸ்டாக் இல்லை’

2025 மார்ச் 14 அன்று சட்டமன்றத்தில் தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வு, குடும்ப நலத் துறைக்கு 21,906 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். முந்தைய ஆண்டு அது 20,198 கோடி. தொகை ஏறத்தான் செய்திருக்கிறது. ஆனாலும் சென்னையில் ஏதோ ஓர் அரசு மருத்துவமனையின் மருந்துக் கவுண்டரில், வெகுநேரம் வரிசையில் நின்றவரிடம் “மூணு மாத்திரை இருக்கு, நாலாவது ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க” என்று சீட்டைத் திருப்பிக் கொடுப்பதும் நடக்கிறது.

‘நடுவில் யாரோ சாப்பிட்டுவிட்டார்கள்’ என்றுதான் உடனே தோன்றும். ஊழலைப் பற்றித் தனியாகப் பேசவேண்டும், பேசலாம். ஆனால் ஒரு பைசாகூடத் திருடு போகாவிட்டாலும் அந்த நாலாவது மாத்திரை இல்லாமல் போக வழி இருக்கிறது. பணம் எவ்வளவு என்பதோடு, அது எந்த வடிவத்தில், எந்த மாதத்தில், எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்பதும் சேர்ந்துதான் கவுண்டரில் மருந்து இருக்குமா என்பதை முடிவு செய்கிறது.

பணம் எங்கெங்கிருந்து வருகிறது?

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில், 6-ஆம் இனமாக இருக்கின்றன. அதாவது அடிப்படைப் பொறுப்பு மாநிலத்துடையது. ஆனால் பணம் பல பைகளிலிருந்து வருகிறது.

1. மாநில பட்ஜெட். இந்தத் துறைக்கான செலவு ‘மானியக் கோரிக்கை எண் 19’ என்ற தலைப்பில் சட்டமன்றத்தின் ஒப்புதலைப் பெறுகிறது. மேலே சொன்ன 21,906 கோடி இதுதான்.

2. ஒன்றிய அரசின் திட்டங்கள். தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் செலவில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்பது 2015-16 முதல் இருக்கும் பங்கீடு.

3. உள்ளாட்சி. சென்னையில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களை நடத்துவது மாநகராட்சி. அதற்குத் தனி பட்ஜெட், தனி வரவு.

4. காப்பீடு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறும் நோயாளிக்கான தொகை மருத்துவமனையின் கணக்குக்கு வருகிறது.

ஐந்தாவதாக ஒரு பை உண்டு, அது நோயாளியின் சட்டைப் பை. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுப்பது 2013-14-இல் 64.2 சதவீதம். 2021-22-இல் அது 39.4 சதவீதமாக இறங்கியிருக்கிறது. நல்ல இறக்கம்தான். ஆனால் நூறு ரூபாயில் நாற்பது ரூபாய் இன்னும் வீட்டிலிருந்துதான் போகிறது. ‘வெளியே வாங்கிக்கோங்க’ என்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஆளுக்கு அரை டீ

21,906 கோடி என்பது தலைசுற்றும் எண். மாநிலத்தின் மக்கள்தொகையை 7.7 கோடி என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தால், ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,845 ரூபாய். ஒரு நாளைக்கு ஏழே முக்கால் ரூபாய். சென்னையில் டீக்கடையில் அரை டீக்குச் சரியாக இருக்கும். பிரசவம், தடுப்பூசி, விபத்து, புற்றுநோய், டயாலிசிஸ், மருத்துவக் கல்லூரி என்று எல்லாம் இந்த ஏழே முக்காலுக்குள் நடக்கவேண்டும்.

எவ்வளவு இருந்தால் போதும்? 2017-இல் வந்த தேசிய நலவாழ்வுக் கொள்கை, மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்குச் செலவழிக்கவேண்டும் என்றது. ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையே வரிப் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதி ஆணையமும் அதே 8 சதவீதத்தைச் சொன்னது. தமிழ்நாட்டின் 2025-26 வருவாய்ச் செலவு சுமார் 3.73 லட்சம் கோடி. மூலதனச் செலவையும் கடன்களையும் சேர்த்தால் சுமார் 4.39 லட்சம் கோடி. எதால் வகுத்தாலும் இந்தத் துறையின் பங்கு 5 முதல் 6 சதவீதத்துக்குள்தான் நிற்கிறது. மற்ற துறைகள் வழியாக நடக்கும் சில செலவுகளைச் சேர்த்துக்கொண்டால் விகிதம் கொஞ்சம் கூடும். ஆனால் துறையின் ஒதுக்கீட்டை வைத்துப் பார்த்தால், 8 சதவீதத்தைத் தொட இன்னும் குறைந்தது சுமார் எட்டாயிரம் கோடி வேண்டும்.

அந்த எட்டாயிரம் கோடிக்கு எங்கே போவது? அதே பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை சுமார் 41,600 கோடி. வருகிற வருமானம் அன்றாடச் செலவுக்கே போதவில்லை, கடன் வாங்கித்தான் ஈடுகட்டுகிறார்கள் என்று அர்த்தம். கூடுதல் பணம் வேண்டுமென்றால் வரி, கடன், இன்னொரு துறையின் பங்கு, இந்த மூன்றில் ஒன்றைத்தான் தொடவேண்டும். எந்த அமைச்சரும் இதை மேடையில் சொல்லமாட்டார்.

நகர்த்த முடியாத செலவு

இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் சம்பளம், மருந்து, மின்கட்டணம் போன்றவை ‘வருவாய்ச் செலவு’. கட்டடம், இயந்திரம் போன்ற சொத்துகளுக்கு ஆவது ‘மூலதனச் செலவு’. பட்ஜெட் புத்தகத்தில் மருத்துவம், பொது சுகாதாரத்துக்கான வருவாய்ச் செலவு 2210 என்ற கணக்குத் தலைப்பிலும், மூலதனச் செலவு 4210-இலும் வரும்.

வருவாய்ச் செலவில் மிகப் பெரிய உருப்படி சம்பளம். இதை வீண் செலவு என்று நினைக்கவேண்டாம். மருத்துவமனையில் சிகிச்சை என்பதே டாக்டரும் நர்ஸும் லேப் டெக்னீஷியனும்தான். பிரச்சினை, அந்தத் தொகையை அசைக்க முடியாது என்பதில் இருக்கிறது. 2024-25-இலிருந்து 2025-26-க்கு ஒதுக்கீடு சுமார் எட்டரை சதவீதம் ஏறியது. அதற்குள் ஆண்டு ஊதிய உயர்வு 3 சதவீதம் இருக்கிறது, வருடத்துக்கு இரண்டு முறை ஏறும் அகவிலைப்படி இருக்கிறது. ஒரு ஆள்கூடப் புதிதாக வராமலே சம்பளக் கணக்கு ஏறிவிடும். மிச்சத்தில்தான் மருந்து விலை, மின்கட்டணம், சலவை, சாப்பாடு, ஆக்ஸிஜன் எல்லாம்.

நெருக்கடி வரும்போது சம்பளத்தை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அதனால் கத்தி வேறு இடங்களில் விழுகிறது. காலிப் பணியிடங்களை நிரப்புவது தள்ளிப்போகும். நிரப்பினாலும் நிரந்தரமாக எடுக்காமல், தொகுப்பூதியத்தில் எடுப்பார்கள். நர்ஸுகள் பணி நிரந்தரம் கேட்டு அவ்வப்போது போராடுவதும், 2019 அக்டோபரில் அரசு டாக்டர்கள் ஊதியக் கோரிக்கையுடன் வேலைநிறுத்தம் செய்ததும் இந்தக் கணக்கின் மறுபக்கம். ஒரு ஷிஃப்டில் நாலு பேர் இருக்கவேண்டிய வார்டில் இரண்டு பேர் இருந்தால், பட்ஜெட்டில் அது மிச்சம். வார்டில் அது வேறு.

மாத்திரை எப்படி வருகிறது, எப்படி வராமல் போகிறது

மருந்து வாங்குவதில் தமிழ்நாட்டைப் பார்த்து மற்ற மாநிலங்கள் கற்றுக்கொண்டன என்பது மிகையல்ல. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதற்குக் காரணம். எழும்பூரில் தலைமையகம். அதற்கு முன்னால் மருத்துவத் துறையின் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக வாங்கியது, விலையும் தரமும் ஆளுக்கொரு மாதிரி இருந்தன. கழகம் வந்த பிறகு மாநிலத்துக்கே மொத்தமாக டெண்டர். வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்று. பிராண்ட் பெயரில் வாங்காமல் மருந்தின் மூலப்பெயரில் (ஜெனரிக்) வாங்குவது. வந்த மருந்தை ஆய்வகத்தில் சோதித்த பிறகே மருத்துவமனைக்கு அனுப்புவது. கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதே பாதையில் தங்கள் கழகங்களை அமைத்தன.

இதில் அழகான ஏற்பாடு, பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அந்த ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று பாஸ்புக்கில் வரவு வைக்கப்படும். பணம் கையில் வராது. மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்க எடுக்க அதன் மதிப்பு பாஸ்புக்கில் கழியும். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை மருத்துவமனையே சொல்லலாம், ஆனால் காசைத் தொட முடியாது. மருந்துத் தொகையில் பெரும்பங்கு, ஏறக்குறைய 90 சதவீதம், இப்படிப் போகிறது. அவசரத்துக்கு வெளியில் வாங்க ஒரு சிறு பங்கு மருத்துவமனையின் கையில் இருக்கும்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் ‘ஸ்டாக் இல்லை’ எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இந்த நாலு ஓட்டைகளில் ஒன்றின் வழியாக.

1. கணிப்பு தவறுவது. இந்த ஆண்டு வேண்டிய மருந்தின் அளவை, கடந்த ஆண்டு செலவானதை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். போன வருடம் ஆறு மாதம் அந்த மாத்திரை இல்லாமல் இருந்திருந்தால், ‘செலவு குறைவு’ என்று கணக்கு காட்டும். பற்றாக்குறையே அடுத்த பற்றாக்குறைக்கு விதை போடும். சென்னைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. திருவள்ளூர், செங்கல்பட்டு மட்டுமில்லை, நெல்லூர், சித்தூரிலிருந்தும் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஊரைக் கேட்டு யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, அதுதான் சரியும்கூட. ஆனால் இப்படி வருபவர்களை எந்த மாவட்டத்தின் மக்கள்தொகைக் கணக்கிலும் பிடிக்க முடியாது.

2. டெண்டர் விழாமல் போவது. ஒரு மருந்தின் மூலப்பொருள் விலை திடீரென ஏறினால், பழைய விலைக்குத் தர எந்த கம்பெனியும் முன்வராது. மறுடெண்டர் விடவேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். விலை மிகக் குறைவான மாத்திரைகளில் இது அடிக்கடி நடக்கக் காரணம், அவற்றில் லாபமே சில பைசாக்கள்.

3. தரச் சோதனையில் தேறாதது. இது நடக்கத்தான் வேண்டும். ஒரு தொகுதி (பேட்ச்) மருந்து தேறாவிட்டால் அதைத் தடுப்பதற்காகத்தான் சோதனையே. ஆனால் மாற்றுச் சரக்கு வரும்வரை கவுண்டரில் இடைவெளி விழும்.

4. பில் பாக்கி. மருந்து கொடுத்த கம்பெனிக்குப் பணம் தாமதமானால் அடுத்த சப்ளை தாமதமாகும், அல்லது அடுத்த டெண்டரில் அந்தத் தாமதத்தையும் சேர்த்து விலை போடுவார்கள். இன்று கொடுக்காமல் வைத்த பணம் நாளைக்கு வட்டியோடு போகும். கடன் என்று எந்தப் புத்தகத்திலும் அது பதிவாகாது.

கட்டியவர் ஒருவர், நடத்துபவர் இன்னொருவர்

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. செலவு சுமார் 4,000 கோடி, அதில் ஒன்றிய அரசின் பங்கு சுமார் 2,145 கோடி. கட்டியது ஒரு முறைச் செலவு. ஆனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் பேராசிரியர்கள், உதவிப் பேராசிரியர்கள், நர்ஸுகள், ஆய்வகம், விடுதி என்று ஆண்டுதோறும் வரும் செலவு இருக்கிறதே, அதைச் சுமப்பது மாநிலம். சென்னையில் கிண்டியில் 2023 ஜூன் 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும் இதே கதைதான். ஆயிரம் படுக்கை, கட்ட ஏறக்குறைய 240 கோடி. ஆயிரம் படுக்கைக்கு ஆள், மருந்து, மின்சாரம் என்று வருடாவருடம் வரும் பில் சில ஆண்டுகளிலேயே கட்டுமானச் செலவைத் தாண்டிவிடும்.

திறப்பு விழாவுக்கு ரிப்பன் உண்டு. ஏசி பராமரிப்புக்கு எவன் ரிப்பன் வெட்டுவான்?

எம்.ஆர்.ஐ., வென்டிலேட்டர் போன்ற இயந்திரங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வாங்கும்போது வாரண்டி இருக்கும். சில ஆண்டுகளில் அது முடியும். பிறகு பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வருடாவருடம் பணம் கட்டவேண்டும். அந்தத் தொகை வருவாய்ச் செலவு, ஏற்கெனவே சம்பளமும் மருந்தும் அடித்துக்கொள்ளும் அதே பை. அங்கே இடமில்லை என்றால் இயந்திரம் பழுதாகி மூலையில் நிற்கும், அறிக்கையில் மட்டும் ‘வசதி உள்ளது’ என்றிருக்கும். கட்டடப் பழுது பார்ப்பதோ பெரும்பாலும் பொதுப்பணித் துறையின் கையில். ஒழுகும் வார்டின் டீன் ஒரு துறையில், ஒழுகலை அடைப்பவர் இன்னொரு துறையில்.

15-ஆவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு நாடு முழுவதும் உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு 70,051 கோடி மானியம் பரிந்துரைத்தது. நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் அந்தப் பணத்தில் வந்தவை. அந்தப் பரிந்துரையின் காலம் 2026 மார்ச் வரைதான். மையத்துக்கு வந்து பழகிய சர்க்கரை நோயாளிக்கு அந்தத் தேதியைப் பற்றித் தெரியாது.

காப்பீடு: உதவியா, போட்டியா?

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018-இல் ஒன்றிய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைப்பு. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஒன்றியத்தின் 60 சதவீதப் பங்கு, அதன் தகுதிப் பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான். அந்தப் பட்டியலில் இல்லாத, ஆனால் மாநிலம் சேர்த்துக்கொண்ட குடும்பங்களின் செலவு முழுக்க மாநிலத்துடையது. செய்தியில் ‘இணைந்த திட்டம்’ என்று வந்தாலும் கணக்கு இரண்டு.

இந்தத் திட்டத்தில் தனியார் மருத்துவமனையும் உண்டு, அரசு மருத்துவமனையும் உண்டு. அரசு மருத்துவமனையில் நடக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் நிர்ணயித்த தொகை வரும். பல மருத்துவமனைகளுக்கு, கோட்டையைக் கேட்காமல் செலவு செய்ய முடிந்த பணம் இதுவே. அதனால் டீன்களுக்கு இது பிடிக்கும். ஆனால் இதில் ஒரு சாய்வு இருக்கிறது. காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் பணம் தரும். ஓ.பி.யில் ரத்த அழுத்த மாத்திரை வாங்கிப் போகிறவருக்குத் தராது. மாத்திரை ஒழுங்காகக் கிடைத்திருந்தால் பக்கவாதமே வந்திருக்காது. வந்த பிறகு அந்தச் சிகிச்சைக்குப் பணம் உண்டு, வராமல் தடுக்கும் மாத்திரைக்கு பட்ஜெட்டில் இழுபறி. ஒரே அரசு இரண்டு பைகளை வைத்துக்கொண்டு, மலிவான பையை மெலிய விடுகிறது என்பது என் கருத்து.

ஜெயித்ததால் வரும் செலவு

தமிழ்நாட்டில் பிரசவங்கள் கிட்டத்தட்ட எல்லாமே மருத்துவமனையில் நடக்கின்றன. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கில், ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது தாய் இறப்பு 54. குழந்தைகள் பிழைத்தார்கள், வளர்ந்தார்கள், அப்புறம் வயதானார்கள். 2021-க்கான மதிப்பீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் மாநிலத்தில் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம்.

பிரசவம் ஒரு முறை வரும் செலவு. சர்க்கரை அப்படியில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. நன்றாக நடந்தால் என்ன ஆகும்? இதுவரை தெரியாமல் இருந்த நோயாளிகள் பட்டியலில் சேர்வார்கள், ஆயுள் முழுக்க மாத்திரை வாங்குவார்கள், ஆயுளும் நீளும். உறுப்பு மாற்று சிகிச்சையும் அப்படித்தான். அறுவைச் சிகிச்சை ஒரு நாள். மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் மருந்து வாழ்நாள் முழுக்க. ஒவ்வொரு வெற்றியும் அடுத்த ஆண்டின் 2210-இல் ஒரு வரியாக ஏறும்.

மார்ச் 31

ஒதுக்கிய பணம் நிதியாண்டு முடியும்போது செலவாகாமல் இருந்தால் காலாவதியாகிவிடும். ஆனால் பணம் ஏப்ரலிலேயே மொத்தமாக வந்துவிடுவதும் இல்லை. ஒன்றியத்தின் பங்கு தவணையாக வரும். முந்தைய தவணையைச் செலவழித்த சான்று போனால்தான் அடுத்தது. மாநிலம் தன் 40 சதவீதத்தைப் போட்டாகவேண்டும். இதெல்லாம் முடிந்து பிப்ரவரியில் பணம் வந்தால், டெண்டர் விட்டு வாங்க நேரமில்லை. ஒன்று அவசரமாக எதையாவது வாங்குவார்கள், இல்லையென்றால் செலவாகாத பணத்தைத் திருப்பிக் கொடுத்து ‘சரண்டர்’ செய்வார்கள். அப்புறம் அடுத்த ஆண்டு, ‘போன வருடம் கொடுத்ததையே செலவழிக்கவில்லையே’ என்ற கேள்வி வரும்.

அதனால் பட்ஜெட் நாளன்று வரும் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. மானியக் கோரிக்கை எண் 19 புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே சில எண்கள் இருக்கும். வரும் ஆண்டுக்கான மதிப்பீடு, நடப்பு ஆண்டின் மதிப்பீடும் அதன் திருத்திய மதிப்பீடும், இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய உண்மைக் கணக்கு. ‘மருந்துகள்’ என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, அறிவித்ததற்கும் செலவானதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 2025-26-இல் மருந்துக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்பது 2027-28 புத்தகத்தில்தான் வரும்.